ஒரே சம்பளம், இரண்டு ராஜ்யங்கள், மூன்று வரிக் கணக்கு!

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால், அமெரிக்காவில் பல வீடுகளில் சாப்பாட்டு மேஜை ஆபீஸ் மேஜையாகிவிடும். தட்டும் கிண்ணமும் இருந்த இடத்தில் காகிதக் கட்டுகள் வந்து உட்கார்ந்துவிடும். குழந்தைகள் மேஜைப் பக்கம் போகக் கூடாது. மனைவி பேச்சுக் கொடுக்கக் கூடாது. வீட்டுக்காரர் வருமான வரிக் கணக்குப் போடுகிறார்! ஏப்ரல் 15-ம் தேதிக்குள் கணக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்போது பெரும்பாலோர் கம்ப்யூட்டரில்தான் கணக்குத் தாக்கல் செய்கிறார்கள். ஆனாலும் கம்ப்யூட்டர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மனிதர்தான். அந்தக் கேள்விகளில் ஒன்று பலரைத் திகைக்க வைக்கிறது. “சென்ற வருஷம் நீர் எந்த ராஜ்யத்தில் வசித்தீர்? எந்த ராஜ்யத்தில் வேலை செய்தீர்?”

ஒரே ஊரில் பிறந்து, அதே ஊரில் உத்தியோகம் பார்க்கிறவருக்கு இது ஒரு கேள்வியே அல்ல. ஆனால் வருஷத்தின் நடுவில் குடிமாறியவருக்கும், ஒரு ராஜ்யத்தில் வீடும் அடுத்த ராஜ்யத்தில் ஆபீஸுமாக வாழ்கிறவருக்கும், இந்த ஒரு கேள்வியில் ஆயிரக்கணக்கான டாலர்கள் அடங்கியிருக்கின்றன. பதில் தவறினால், ஒரே சம்பளத்துக்கு இரண்டு சர்க்கார்களுக்கு வரி கட்ட நேரிடும். பதில் சரியாக இருந்தால், கட்டிய பணத்தில் ஒரு பகுதி திரும்பிக்கூட வரும்.

நம் நாட்டில் இந்தத் தொல்லை இல்லை. சென்னையில் ஆறு மாதம், பம்பாயில் ஆறு மாதம் வேலை பார்த்தாலும் சம்பளத்துக்கான வருமான வரிக் கணக்கு ஒன்றுதான். அது மத்திய சர்க்காருக்குப் போகிறது. அமெரிக்காவில் அப்படி அல்ல. அங்கே மத்திய சர்க்கார் ஒரு வருமான வரி வாங்குகிறது. ராஜ்ய சர்க்கார் தனியாக ஒன்று வாங்குகிறது. சில ஊர்களில் நகரசபையும் வந்து நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், கம்பெனி அனுப்புகிற ஊருக்கெல்லாம் மூட்டை கட்டுகிற இளைஞர்கள் பலரும், அங்கே போன பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

ஊருக்கு ஒரு சட்டம்

இந்த வரி எப்படி வந்தது? ராஜ்யங்களில் முதன்முதலாக இக்காலத்து முறையில் வருமான வரியை ஒழுங்காக நடத்திக் காட்டியது விஸ்கான்ஸின். அது 1911-ம் ஆண்டில். அரசியல் சட்டத்தின் 16-வது திருத்தம் நிறைவேறி, மத்திய சர்க்கார் நிலையாக வருமான வரி வாங்கத் தொடங்கியது 1913-ல். அதாவது, இந்த விஷயத்தில் ராஜ்யம் முந்திக்கொண்டது. மத்திய சர்க்கார் பின்னால் வந்தது.

விஸ்கான்ஸினைப் பார்த்து மற்ற ராஜ்யங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. இன்று நாற்பதுக்கு மேற்பட்ட ராஜ்யங்களும், தலைநகரமான வாஷிங்டனும் சம்பளத்துக்கு வரி வாங்குகின்றன. ஆனால் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. பென்சில்வேனியாவில் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே வீதம். 100-க்கு 3 டாலர் 7 சென்ட். இல்லினாயிலும் ஒரே வீதம்தான். ஆனால் 4 டாலர் 95 சென்ட். கலிபோர்னியாவில் படிப்படியாக ஏறி, பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கிறவரிடம் 13 சதவிகிதத்தைத் தாண்டுகிறது. டெக்சாஸ், புளோரிடா, நெவாடா, டென்னசி போன்ற ராஜ்யங்களில் சம்பளத்துக்கு ராஜ்ய வரியே கிடையாது. டெக்சாஸ் ஜனங்கள் 2019-ல் ஓட்டுப் போட்டு, இனி யாரும் அந்த வரியைக் கொண்டுவர முடியாதபடி தங்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அலாஸ்காவில் முன்பு வரி இருந்தது. எண்ணெய்ப் பணம் வந்ததும் 1980-ல் அதை எடுத்துவிட்டார்கள்.

ஆகவே, எல்லைக்கோட்டைத் தாண்டிக் குடிபோகிறவர் ஒரு சட்டத்திலிருந்து இன்னொரு சட்டத்துக்குள் காலடி வைக்கிறார். லாரியில் சாமான் ஏற்றும்போது அது அவர் கண்ணில் படுவதில்லை. ஏப்ரலில்தான் படுகிறது.

இரண்டு உரிமைகள்

ராஜ்யங்கள் வரி கேட்பதற்கு இரண்டு உரிமைகள் உண்டு. இந்த இரண்டும் புரிந்துவிட்டால் மீதிச் சிக்கல் பாதி குறைந்துவிடும்.

முதலாவது, வசிப்பிட உரிமை. “நீ என் ஊர்வாசி. ஆகவே நீ உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் எனக்குக் கணக்குக் காட்டு” என்கிறது வீடு இருக்கும் ராஜ்யம். இரண்டாவது, சம்பாதித்த இட உரிமை. “நீ எந்த ஊர்வாசியாகவும் இரு. என் எல்லைக்குள் வந்து சம்பாதித்ததற்கு மட்டும் எனக்கு வரி கட்டு” என்கிறது வேலை இருக்கும் ராஜ்யம்.

வெளியூர்க்காரரிடம் வரி கேட்க ஒரு ராஜ்யத்துக்கு அதிகாரம் உண்டா? இந்தக் கேள்வி நூறு வருஷத்துக்கு முன்பே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. சிக்காகோவில் வசித்த ஒருவருக்கு ஓக்லஹோமாவில் எண்ணெய்க் கிணறுகள் இருந்தன. “நான் இங்கே வசிக்கவில்லை, எனக்கு எதற்கு வரி?” என்று அவர் வழக்காடினார். வழக்கு தோற்றது. ஒரு ராஜ்யத்தின் பாதுகாப்பில் சம்பாதிக்கிறவர் அந்த ராஜ்யத்தின் செலவில் பங்கு ஏற்பது நியாயந்தான் என்று 1920 மார்ச் 1-ம் தேதி தீர்ப்பாயிற்று.

அதே நாளில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. அது வெளியூர்க்காரருக்குச் சாதகமானது. நியூயார்க் ராஜ்யம் 1919-ல் வருமான வரி போட்டபோது, தன் ஊர்வாசிகளில் தனி ஆளுக்கு 1,000 டாலரும், கலியாணமானவருக்கு 2,000 டாலரும் விலக்கு அளித்தது. பக்கத்து ராஜ்யத்திலிருந்து தினமும் ரயிலேறி வந்து வேலை பார்ப்பவருக்கு அந்த விலக்கு இல்லை. பூட்டுகளுக்குப் பெயர்போன யேல் கம்பெனி, தன் ஊழியர்களுக்கு ஏற்பட்ட இந்த ஓரவஞ்சனையை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தது. வெளியூர்க்காரரிடம் வரி வாங்கலாம். ஆனால் அவரை மாற்றாந்தாய் பிள்ளையாக நடத்தக் கூடாது. இதுதான் அந்த இரட்டைத் தீர்ப்பின் சாரம்.

நடுவருஷத்தில் குடிமாறினால்

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு பொறியாளர் ஜூன் கடைசி வரை சிக்காகோவில் வேலை பார்க்கிறார். அது இல்லினாய் ராஜ்யம். ஜூலை முதல் தேதி அதே கம்பெனி அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு மாற்றுகிறது. அது கலிபோர்னியா. சம்பளம் மாதம் 7,000 டாலர். வருஷத்துக்கு 84,000 டாலர்.

அவர் மூன்று கணக்குகள் கொடுக்க வேண்டும். ஒன்று மத்திய சர்க்காருக்கு. அதில் 84,000 டாலரும் வரும். மற்றது இல்லினாய்க்கு, இன்னொன்று கலிபோர்னியாவுக்கு. இந்த இரண்டு ராஜ்யங்களிலும் அவர் ‘பாதி வருஷ வாசி’. இல்லினாயில் இருந்தபோது கிடைத்த 42,000 டாலருக்கு அங்கே வரி. 4.95 சதவிகிதப்படி 2,079 டாலர்; விலக்குப் போனால் சற்றுக் குறையும். மீதி 42,000 டாலருக்கு கலிபோர்னியாவில் வரி.

இதில் ஒரு பயம் பலருக்கு வருகிறது. கலிபோர்னியா பாரத்தில் முழு வருஷச் சம்பளமான 84,000 டாலரையும் எழுதச் சொல்கிறார்கள். “ஐயோ, இல்லினாயில் சம்பாதித்ததற்கும் இங்கே வரியா?” என்று கலங்கிப்போகிறார்கள். அப்படியல்ல. முழுத் தொகையை வாங்குவது வீதத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான். 84,000 டாலர்க்காரருக்கு என்ன வீதம் விழும் என்று முதலில் பார்க்கிறார்கள். கணக்குக்காக அது 5 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், அந்த வீதத்தைக் கலிபோர்னியாவில் வந்த 42,000 டாலருக்கு மட்டும் போடுகிறார்கள். 2,100 டாலர் ஆகிறது. 42,000 டாலர் மட்டுமே சம்பாதிக்கிறவருக்கு வீதம் இதைவிடக் குறைவாக இருக்கும். குடிமாறியதனால் ஒருவர் ஏழை வீதத்துக்கு இறங்கிவிடக் கூடாது என்பது சர்க்காரின் கணக்கு!

உண்மையான தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. வருஷக் கடைசியில் கம்பெனி கொடுக்கும் சம்பளச் சீட்டுக்கு ‘டபிள்யூ-2’ என்று பெயர். எந்த ராஜ்யத்தில் எவ்வளவு சம்பளம், எவ்வளவு வரி பிடித்தம் என்பது அதன் கீழ்வரியில் இருக்கும். ஆள் ஜூலையில் குடிமாறியிருப்பார். கம்பெனியின் சம்பளப் பிரிவுக்கு அந்தச் செய்தி செப்டம்பரில்தான் எட்டியிருக்கும். நடுவில் இரண்டு மாதப் பிடித்தம் பழைய ராஜ்யத்துக்கே போயிருக்கும்.

அப்போது, “பணந்தான் போய்விட்டதே, இரண்டு ராஜ்யங்களும் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும்” என்று இருக்க முடியாது. ஒரு ராஜ்யம் வாங்கிய பணத்தை இன்னொரு ராஜ்யத்துக்கு மாற்றிக் கொடுப்பதில்லை. புது ராஜ்யத்துக்கு வரியைக் கட்டிவிட்டு, பழைய ராஜ்யத்தில் கணக்குக் கொடுத்துப் பணத்தை வாபஸ் வாங்க வேண்டும். சீட்டைத் திருத்தித் தரும்படி கம்பெனியைக் கேட்பது அதற்கு முதல் படி.

வீடு இக்கரை, வேலை அக்கரை

நியூஜெர்ஸியில் வீடு, ஹட்ஸன் நதியைத் தாண்டினால் நியூயார்க்கில் ஆபீஸ். லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கை இப்படித்தான் நடக்கிறது. இவர்களிடம் இரண்டு ராஜ்யங்களுக்கும் உரிமை உண்டு. ஒரே சம்பளம், இரண்டு பேர் கேட்கிறார்கள்.

இங்கேதான் வரிக் கழிவு வந்து கைகொடுக்கிறது. வேலை பார்க்கும் ராஜ்யத்துக்கு முதல் உரிமை. அங்கே கட்டிய வரியை, வீடு இருக்கும் ராஜ்யம் தன் வரியில் கழித்துக் கொடுக்கிறது. நியூயார்க் வரி 5,000 டாலர், அதே சம்பளத்துக்கு நியூஜெர்ஸி வரி 3,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க்கில் 5,000 டாலர் கட்டியாயிற்று. நியூஜெர்ஸியில் 3,500 டாலரும் கழிந்துவிடும். ஆனால் மீதி 1,500 டாலரை நியூஜெர்ஸி கையிலிருந்து கொடுக்காது. இரண்டு வரியில் எது பெரிதோ அதைக் கட்டுகிறோம் என்பதுதான் முடிவு.

ஆகையால் கணக்குப் போடுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. வேலை பார்த்த ராஜ்யத்தின் வெளியூர்க்காரர் பாரத்தை முதலில் முடிக்க வேண்டும். அதில் வரும் வரித் தொகையை எடுத்துக்கொண்டு சொந்த ராஜ்யத்தின் பாரத்துக்கு வர வேண்டும். சீட்டில் கண்ட பிடித்தத் தொகையையே வரி என்று நினைத்து எழுதுவது பலர் செய்யும் தவறு. பிடித்தம் வேறு, கணக்குப் பார்த்த பிறகு நிற்கும் வரி வேறு. சில ஜோடி ராஜ்யங்களில் இந்த முறை தலைகீழாக இருக்கிறது. ஆரிகன்வாசி கலிபோர்னியாவில் சம்பாதித்தால், கழிவு கொடுப்பது ஆரிகன் அல்ல, கலிபோர்னியா!

இந்தச் சிரமமே வேண்டாம் என்று சமாதானமாகப் போன அண்டை ராஜ்யங்களும் உண்டு. நியூஜெர்ஸியும் பென்சில்வேனியாவும், மேரிலாந்தும் வர்ஜீனியாவும் அப்படி ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. அங்கே சம்பளத்துக்கு வீடு இருக்கும் ராஜ்யத்தில் மட்டும் வரி. ஊழியர் ஒரு பாரத்தைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டால் போதும். ஆனால் அந்தப் பாரத்தைக் கொடுக்காதவருக்கு, வேலை ராஜ்யத்தில் பிடித்தம் நடந்துகொண்டேயிருக்கும். அதை வாபஸ் கேட்டு ஒரு கணக்குக் கொடுக்க வேண்டியதுதான். மேலும், இந்த ஒப்பந்தம் நகரசபை வரியைக் கட்டுப்படுத்தாது. பிலடெல்பியாவில் வேலை பார்க்கும் நியூஜெர்ஸிவாசி, அந்த நகரத்தின் சம்பள வரியிலிருந்து தப்ப முடியாது.

ஐந்துக்கு நான்கு

கழிவு கொடுப்பது ராஜ்யத்தின் தயவா, அல்லது கடமையா? மேரிலாந்தைச் சேர்ந்த ஒரு தம்பதி இதற்குப் பதில் தேடினார்கள். அவர்கள் பங்கு வைத்திருந்த கம்பெனி 39 ராஜ்யங்களில் வரி கட்டியது. மேரிலாந்து ராஜ்ய வரியில் கழிவு கொடுத்தது. ஆனால் கௌண்டி என்ற ஜில்லாவின் பெயரால் வாங்கும் வரியில் கொடுக்க மறுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று.

2015 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் தம்பதியின் பக்கம். நான்கு பேர் எதிர்ப்பக்கம். ஒரே வருமானத்தை இரண்டு இடத்தில் வரிக்கு உட்படுத்தும் இந்த முறை, ராஜ்யம் விட்டு ராஜ்யம் நடக்கும் தொழிலுக்குத் தண்டனை போடுவதாகும் என்று பெரும்பான்மையோர் சொன்னார்கள். எப்போதும் எதிரும் புதிருமாக நிற்கும் நீதிபதிகள் ஸ்காலியாவும் கின்ஸ்பர்க்கும் இந்த வழக்கில் ஒரே பக்கம் நின்று எதிர்த்தார்கள் என்பது ஒரு வேடிக்கை. ஒரே ஒரு ஓட்டில் தப்பிய நியாயம் அது!

உமது வீடு எது?

இவ்வளவுக்கும் அடிப்படை, “உமது வீடு எது?” என்ற கேள்வி. இதற்குச் சட்டம் இரண்டு விதமாகப் பதில் தேடுகிறது. ஒன்று, நிலையான வாசஸ்தலம். எங்கே போனாலும் எந்த ஊருக்குத் திரும்பி வருவதாக மனத்தில் எண்ணம் இருக்கிறதோ அந்த ஊர். ஒருவருக்கு அது ஒன்றுதான் இருக்க முடியும். பழையதை விட்டுவிட்டதாகவும், புதியதில் நிலைத்துவிட்டதாகவும் காட்டும் வரை பழையதே தொடரும். ஆறு மாத வேலைக்கு வெளியூர் போனதனால் மட்டும் அது மாறிவிடாது.

மற்றொன்று, நாள் கணக்கு. நியூயார்க் போன்ற ராஜ்யங்களில், ஒருவருக்கு அங்கே நிலையாகத் தங்க ஓர் இடம் இருந்து, வருஷத்தில் 183 நாளுக்கு மேல் அந்த ராஜ்யத்தில் இருந்துவிட்டால், வீடு வேறெங்கே இருந்தாலும் அவர் அந்த ராஜ்யத்து வாசி! உலக வருமானம் முழுவதற்கும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும்.

“ஒருவருக்கு ஒரே வாசஸ்தலம்” என்று சட்டம் சொன்னாலும், அதைத் தீர்மானிக்கும் கோர்ட்டுகள் இரண்டு இருந்தால் என்ன ஆகும்? காம்ப்பெல் சூப் கம்பெனியின் தலைவர் ஜான் டாரன்ஸ் 1930-ல் காலமானார். நியூஜெர்ஸியில் ஒரு வீடு. பென்சில்வேனியாவில் இன்னொரு பெரிய மாளிகை. தமது ஊர் நியூஜெர்ஸிதான் என்று அவர் உயிரோடிருந்தபோது சொல்லிக்கொண்டிருந்தார். பென்சில்வேனியாக் கோர்ட்டு, “குடும்பத்தோடு வாழ்ந்தது இங்கே, இவர் எங்கள் ஊர்வாசி” என்று தீர்ப்புச் சொன்னது. நியூஜெர்ஸிக் கோர்ட்டு, “இல்லை, இவர் எங்களவர்” என்றது. அவர் விட்டுச்சென்ற சொத்துக்கு இரண்டு ராஜ்யங்களும் தனித்தனியே ஒரு கோடி டாலருக்கு மேல் மரண வரி வாங்கின. ஒரு மனிதர் இரண்டு ஊரில் இறந்துபோனார்!

இது கோடீசுவரர் கதை. சாமானியர் ஒருவருக்கு நேர்ந்ததும் உண்டு. நியூஜெர்ஸிவாசி ஒருவருக்கு நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் கார் பழுதுபார்க்கும் தொழில். தினமும் அங்கே போய்வந்தார். வயதான தாய் தந்தையர் தங்குவதற்காகத் தொழிற்கூடத்தின் அருகிலேயே ஒரு வீடு வாங்கினார். செலவெல்லாம் அவருடையது. பெற்றோருக்கு உடம்பு சரியில்லாதபோது, அவர்கள் கூப்பிட்டால் போய் இரவு தங்குவார். அந்த வீட்டில் அவருக்கென்று படுக்கை அறை இல்லை, சோபாவில் படுத்துக்கொள்வார்.

வரி இலாகா கணக்குப் பார்த்தது. வீடு அவர் பெயரில். வேலைக்காக 183 நாளுக்கு மேல் நியூயார்க்கில் கால் வைத்திருக்கிறார். “நீர் நியூயார்க்வாசி, முழு வருமானத்துக்கும் வரி கட்டும்” என்று நோட்டீசு வந்தது. மகன் கோர்ட்டு கோர்ட்டாக ஏறினார். 2001 முதல் 2003 வரையிலான வரிக்கு 2014-ல்தான் முடிவு பிறந்தது. ஒரு வீடு ஒருவரின் பெயரில் இருந்தால் மட்டும் போதாது. அதை அவர் தம்முடைய வசிப்பிடமாக அனுபவித்திருக்க வேண்டும் என்று நியூயார்க்கின் உச்சக் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பெற்றோர் வீட்டுச் சோபாவில் படுத்த மகன் அந்த ஊர்வாசி ஆகிவிடமாட்டான் என்று தெரிந்துகொள்ளப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று!

வீட்டிலிருந்தே வேலை

ஆபீசுக்குப் போகாமல் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் தப்பிவிடலாம் என்று நினைக்கலாம். அதுவும் அவ்வளவு எளிதல்ல. கனெக்டிகட்டில் வசித்த சட்டப் பேராசிரியர் ஒருவர், நியூயார்க்கிலுள்ள கல்லூரியில் பாடம் நடத்த வாரத்தில் சில நாள் போவார். மற்ற நாட்களில் வீட்டில் எழுதுவார், படிப்பார். வீட்டில் வேலை செய்த நாட்களின் சம்பளத்துக்கும் நியூயார்க் வரி கேட்டது. “வீட்டில் செய்வது உமது சௌகரியத்துக்காக, முதலாளி உம்மை அங்கே இருக்கச் சொல்லவில்லை. ஆகவே அதுவும் நியூயார்க் வேலைதான்” என்பது அதன் வாதம். கனெக்டிகட்டோ, “நீர் எங்கள் ஊரில் உட்கார்ந்து சம்பாதித்த பணம்” என்று சொல்லிக் கழிவு கொடுக்க மறுத்தது. சட்டம் கற்பிக்கிறவரே வழக்காடியும், 2003-ல் நியூயார்க்கின் பக்கமே தீர்ப்பாயிற்று.

2020-ல் கொரோனா நோய் பரவி ஆபீசுகள் மூடப்பட்டபோது இந்தத் தகராறு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. நியூஹாம்ப்ஷயரில் சம்பளத்துக்கு வரி இல்லை. அங்கே வசித்துக்கொண்டு மாசசூசெட்ஸ் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் வீட்டோடு முடங்கினார்கள். ஆனாலும் மாசசூசெட்ஸ் முன்போலவே வரி வாங்கியது. நியூஹாம்ப்ஷயர் நேரே சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. 2021 ஜூன் மாதத்தில் கோர்ட்டு அதை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது.

வெளியூர்ப் பயணம் செய்யும் ஊழியருக்கு, 30 நாள் வரை தங்கினால் வரி வேண்டாம் என்று ஒரு மசோதா பிரதிநிதி சபையில் பல தடவை வந்தது. 2017-ல் அந்தச் சபையில் நிறைவேறவும் செய்தது. செனட் சபையில் ஏறவில்லை. ஒரு நாள் வேலைக்கே வரி கேட்க உரிமை உண்டு என்று சொல்லும் ராஜ்யங்கள் இருக்கின்றன. 1991-ல் சிக்காகோவின் கூடைப்பந்துக் குழு லாஸ் ஏஞ்சல்ஸில் ஜெயித்ததும், மைக்கேல் ஜோர்டான் முதலிய ஆட்டக்காரர்களிடம் அங்கே ஆடிய நாட்களுக்குக் கலிபோர்னியா வரி கேட்டது. பதிலுக்கு இல்லினாயும் ஒரு சட்டம் செய்து, தன் ஆட்டக்காரர்களிடம் வரி வாங்கும் ராஜ்யங்களின் ஆட்டக்காரர்களிடம் தானும் வாங்கத் தொடங்கியது. மைதானத்தில் முடிந்த ஆட்டம் வரி ஆபீசில் தொடர்ந்தது!

சிலருக்கு மட்டும் சட்டமே குடை பிடிக்கிறது. ராணுவச் சிப்பாய் எந்த முகாமில் இருந்தாலும், சம்பளத்துக்கு அவரது சொந்த ராஜ்யம் மட்டுமே வரி கேட்கலாம். ராஜ்யம் விட்டு ராஜ்யம் ரயிலோட்டுகிறவருக்கும் அப்படியே. ஓய்வூதியக்காரரை, அவர் முன்பு உழைத்த ராஜ்யம் துரத்தி வரக் கூடாது என்று 1996-ல் சட்டம் வந்துவிட்டது.

கைக்கு அடக்கமான வைத்தியம்

மற்றவர்கள் தங்களைத் தாங்களேதான் காத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். குடிமாறிய தேதியையும், எந்த ஊரில் எத்தனை நாள் வேலை செய்தோம் என்பதையும் அவ்வப்போது குறித்து வைக்க வேண்டும். வீட்டு வாடகை ஒப்பந்தம், சாமான் ஏற்றிய லாரி ரசீது, விமான டிக்கெட் ஆகியவற்றைத் தூக்கி எறியக் கூடாது. புது ஊரில் டிரைவிங் லைசென்சையும் வண்டிப் பதிவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டுரிமை உள்ளவர் வோட்டர் பட்டியலிலும் மாற்ற வேண்டும். கம்பெனியின் சம்பளப் பிரிவுக்குக் குடிமாறும் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். பிடித்தம் மாறியிருக்கிறதா என்று முதல் சம்பளச் சீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். வரி இல்லாத ராஜ்யத்துக்குப் போனவரும், போவதற்கு முன் வாழ்ந்த மாதங்களுக்குப் பழைய ராஜ்யத்தில் கணக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

தேதிகளையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான ராஜ்யங்களுக்கு ஏப்ரல் 15. வர்ஜீனியாவுக்கு மே 1. லூயிசியானாவுக்கு மே 15. தவணை கேட்டால் கிடைப்பது கணக்குக் கொடுப்பதற்குத்தான். பணம் கட்டுவதற்கு அல்ல.

“வரிதான் பிடித்துவிட்டார்களே, கணக்கு எதற்கு?” என்று இருந்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம். அதிகம் பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்கப் பெரும்பாலான ராஜ்யங்களில் மூன்று வருஷந்தான் கெடு, கலிபோர்னியாவில் நான்கு. அது கடந்தால் பணம் சர்க்காருக்கே. ஆனால் கணக்கே கொடுக்காதவரிடம் வரி கேட்கச் சர்க்காருக்குப் பொதுவாகக் கெடு கிடையாது! மத்திய சர்க்காருக்குக் கொடுத்த விவரம் ராஜ்யங்களுக்கும் போகிறது. எத்தனையோ வருஷம் கழித்து, மறந்துபோன ஊரிலிருந்து வட்டியும் அபராதமுமாக ஒரு நோட்டீசு வரலாம். அப்போது, “அந்த வருஷம் ஜூலையில் நான் எங்கே இருந்தேன்?” என்று நினைவுபடுத்திக்கொள்வது யாருக்கும் கஷ்டந்தான்.

சிக்காகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகிறவர் கட்டில், மேஜை, பாத்திரம் எல்லாவற்றையும் ஞாபகமாகக் கட்டுகிறார். அவற்றோடு ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தையும் கையோடு வைத்துக்கொண்டு, கிளம்பிய தேதியை முதல் பக்கத்தில் எழுதிவிட்டாரானால், அடுத்த ஏப்ரலில் சாப்பாட்டு மேஜை சீக்கிரம் காலியாகிவிடும்.